நான்கு கை தெரியும் பாட்டு: கலந்துபோன ஃபிரேம்களைப் பிரித்தெடுப்பது எப்படி

பழைய சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, ஆடுபவர் கையை வீசும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு கைக்குப் பதிலாக நான்கு தெரிகிறதா? நான்கும் கண்ணாடி மாதிரி, பின்னால் இருக்கும் சுவர் தெரிய நிற்கின்றனவா? இரண்டு ஃபிரேம் தள்ளிப் போனால் கை மறுபடி இரண்டாகிவிடுகிறதா? அப்படியென்றால் கேமராமேன் மேல் தப்பில்லை. நடுவில் யாரோ அந்த வீடியோவைத் தப்பாக டிஇன்டர்லேஸ் செய்திருக்கிறார்கள், அதாவது பழைய டிவிக்காக வரி வரியாகப் பிரித்த படத்தை மறுபடி முழுப் படமாக்குவதில் தவறியிருக்கிறார்கள்.

சரிசெய்ய முடியுமா? சில வீடியோவில் கிட்டத்தட்ட முழுசாக முடியும். சிலவற்றில் முடியவே முடியாது. உங்களுடையது எந்த வகை என்பதை எந்த மென்பொருளும் நம்பகமாகச் சொல்லாது, நீங்கள்தான் ஃபிரேம் ஃபிரேமாக எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் செய்கிற தப்பு, எண்ணாமல் ஃபில்டரைத் தேடி ஓடுவதுதான். நானும் அப்படித்தான் ஓடினேன், ஒரு வாரம் வீணானது.

முதலில், இது எப்படிக் கலந்தது?

டியூப் டிவி காலத்தில் ஒரு படத்தை முழுசாக அனுப்பும் வழக்கம் இல்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டு, இரட்டைப்படை வரிகள் அடுத்த ஃபீல்டு. இதுதான் இன்டர்லேஸ். இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு, அதாவது 25 ஃபிரேம், 576 வரி. அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் நொடிக்கு 59.94 ஃபீல்டு, 29.97 ஃபிரேம், 480 வரி. சினிமா ஃபிலிமோ நொடிக்கு 24 ஃபிரேம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஃபிலிமைப் பாலுக்கு மாற்றும்போது பெரும்பாலும் அப்படியே கொஞ்சம் வேகமாக, 25 ஃபிரேமில் ஓட்டிவிடுவார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகாது, பாட்டின் சுருதிதான் ஏறும். அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும், பாடத் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். என்டிஎஸ்சிக்கு அந்த வித்தை பலிக்காது. அங்கே ஒரு ஃபிலிம் ஃபிரேமை இரண்டு ஃபீல்டாகவும் அடுத்ததை மூன்று ஃபீல்டாகவும் மாறி மாறிப் பரப்புவார்கள். நான்கு ஃபிலிம் ஃபிரேம் பத்து ஃபீல்டாகி, ஐந்து வீடியோ ஃபிரேமில் உட்காரும். இதற்குப் பெயர் டெலிசினி.

அந்த நான்கு ஃபிலிம் ஃபிரேமுக்கும் க, ச, ட, த என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீடியோவில் அவை இப்படி விழும்: கக, சச, சட, டத, தத. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒரே ஃபிரேமுக்குள் இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒன்றுவிட்டு ஒரு வரியாக உட்கார்ந்திருக்கின்றன. கணினியில் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். இதுவரை எதுவும் கெடவில்லை. ஃபீல்டுகளைச் சரியாக ஜோடி சேர்த்தால் நான்கு ஃபிரேமும் அப்பழுக்கில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

கெடுவது அடுத்த கட்டத்தில். சீப்புக் கோடு பிடிக்காத ஒருவர் 'பிளெண்ட்' என்ற பொத்தானை அழுத்துகிறார். அது பக்கத்துப் பக்கத்து வரிகளைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகிறது. கோடு போய்விட்டது, ச-வும் ட-வும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டன. நான்கு கை வந்தது அப்படித்தான்.

படி 1: மூலத்தைத் தேடுங்கள்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஆனாலும் முதலில் இதுதான். டிவிடி இருக்கிறதா? கேசட் இருக்கிறதா? இருந்தால் கலந்த கோப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள். எங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டல் ஆக்கினோம். வந்த கோப்பில் தாலி கட்டும் இடத்தில் கைகளே பஞ்சு மாதிரி இருந்தன, ஒவ்வொரு ஃபிரேமும் கலப்பு. கேசட் பரணில் இருந்ததால் பிழைத்தோம். பூஞ்சை பிடித்திருந்ததைச் சுத்தம் செய்து, இன்டர்லேஸ் கலையாமல் மறுபடி பதிவு செய்து, நொடிக்கு 50 முழுப் படங்களாக விரித்ததும் தாலி முடிச்சே தெரிந்தது.

மூலம் இல்லையென்றால் இருக்கும் பிரதிகளில் பெரியதை, எடிட் ஆகாததை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ அளவை மாற்றிய, ஏஐ போட்டுக் கூர்மையாக்கிய பிரதி வேண்டவே வேண்டாம். அந்த மாதிரிக் கருவி நிழல் கையையும் நிஜக் கை என்று நம்பி, விரலுக்கு நகம் வரைக்கும் வரைந்துவிடும்.

படி 2: எண்ணுங்கள்

எம்பிவி பிளேயரில் கோப்பைத் திறந்து, முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. விர்ச்சுவல்டப்-2 என்ற வீடியோ எடிட்டர் இருந்தால் அம்புக்குறி விசைகளே போதும். பிளேயரின் டிஇன்டர்லேஸ் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் பங்குக்கும் கலக்கும்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். கேமரா பக்கவாட்டில் சீராக நகர்கிற இடமோ, வெளிச்சமான பின்னணியில் கை வீசுகிற இடமோ வேண்டும். காட்சி வெட்டும் இடம் இன்னும் நல்லது. கிராமத்து வயல் முடிந்து வீட்டுக் கூடம் வரும் இடத்தில் ஒரே ஒரு ஃபிரேமில் வயலும் கூடமும் சேர்ந்து தெரிந்தால் அது கலப்பு, சந்தேகமே வேண்டாம். ஆனால் பழைய பாட்டுகளில் ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருகிற டிசால்வ் ஏராளம். அது இயக்குநர் கேட்டு வாங்கிய கலப்பு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு குழப்பம், கேமராவே பதிவு செய்த இயல்பான மங்கல். வேகமாக நகரும் கை ஃபிலிமிலேயே இழுத்த மாதிரி விழும். அது ஒரே தொடர்ச்சியான தீற்றல். கலப்பில் இரண்டு தனித்தனி ஓரங்கள் இருக்கும், நடுவில் இடைவெளி இருக்கும்.

இப்போது ஒரு தாளை எடுத்து 20 ஃபிரேமுக்கு எழுதுங்கள். சுத்தமானதற்கு ஒரு வட்டம், கலந்ததற்கு ஒரு பெருக்கல் குறி. ஃபிரேம் வேகம் என்ன என்று, கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் பார்த்து மேலே குறித்துக்கொள்ளுங்கள். அது 'ப்ரோக்ரெசிவ்' (ஃபீல்டாகப் பிரியாத முழு ஃபிரேம்) என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கலந்த பிறகு எல்லாமே ப்ரோக்ரெசிவ்தான்.

படி 3: தாள் என்ன சொல்கிறது?

29.97 வேகத்தில் வட்டம், வட்டம், பெருக்கல், பெருக்கல், வட்டம் என்று ஐந்து ஐந்தாகத் திரும்பத் திரும்ப வந்தால் அதிர்ஷ்டம். டெலிசினிக்கு மேல் பிளெண்ட் விழுந்த வகை அது. படி 4-க்குப் போங்கள்.

சீப்புக் கோடும் இருக்கிறது, அதோடு நிழலும் இருக்கிறது என்றால் அது பால் படத்தை என்டிஎஸ்சியாகவோ, என்டிஎஸ்சியைப் பாலாகவோ மாற்றிய டிஸ்க். என் அலமாரியில் இருக்கும் தமிழ்ப் பட டிவிடிகளில் பல இந்த ரகம். படி 5.

ஐந்தில் ஒன்று மட்டும் சுத்தம், மற்ற நான்கும் வெவ்வேறு அளவில் நிழல் என்றால் யாரோ எடிட்டிங் மென்பொருளில் 24-ஐ 30 ஆக்கியிருக்கிறார்கள். படி 6.

20-ம் பெருக்கல் குறி என்றால் நிஜ வீடியோ கேமராவில் எடுத்ததைக் கலந்திருக்கிறார்கள். கல்யாண வீடியோ, கிரிக்கெட், ஸ்டுடியோ நிகழ்ச்சி எல்லாம் இந்த ரகம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு கணங்கள், எதற்கும் சுத்தமான ஜோடி இல்லை. கழித்தெடுக்க ஆதாரமே கிடையாது. விட்டுவிடுங்கள், இல்லையேல் படி 1-க்குத் திரும்பிப் பரணில் ஏறுங்கள்.

படி 4: கழித்து எடுப்பது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று பார்ப்போம். கையில் இருப்பவை: க, ச, சட-கலப்பு, டத-கலப்பு, த. நான்கு ஃபிலிம் ஃபிரேமில் மூன்று சுத்தமாகவே இருக்கின்றன. தொலைந்தது ட மட்டும். அதுவும் முழுசாகத் தொலையவில்லை, இரண்டு கலப்புக்குள் பாதிப் பாதியாக ஒளிந்திருக்கிறது.

ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ச-வில் அதன் வெளிச்சம் 200. சட-கலப்பில் அதே புள்ளி 140. கலப்பு என்றால் கூட்டி இரண்டால் வகுத்தது. ஆக 140-ஐ இரட்டித்து 200-ஐக் கழித்தால் 80. ட-வில் அந்தப் புள்ளி 80. மறுபக்கமும் சரிபார்க்கலாம். த-வில் அது 60, டத-கலப்பில் 70. இரட்டித்தால் 140, 60 போக 80. பள்ளிக்கூடக் கணக்குதான்.

அப்படியானால் ஒரு பக்கம் போதுமே, எதற்கு இரண்டு? நானும் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தேன். கை பிரிந்து வந்தது. ஆனால் புடவைக் கரை, ஜன்னல் கம்பி, மேசை விளிம்பு என்று கிடைமட்டமாக ஓடும் எல்லா ஓரத்திலும் மெல்லிய பல் பல்லாகத் தெரிந்தது. காரணம் இருக்கிறது. சட-கலப்பில் ட-வின் ஒரு ஃபீல்டு மட்டும்தான் உண்டு, மற்ற ஃபீல்டு டத-கலப்பில். ஒரு பக்கக் கணக்கில் பாதி வரிகள்தான் கிடைக்கும், அதோடு ச-வின் ஒற்றை வரிக்கும் இரட்டை வரிக்கும் உள்ள வித்தியாசமும் எச்சமாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்க விடையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ட-வின் இரு ஃபீல்டும் சேர்ந்துவிடும். அசையாத இடங்களில் எச்சங்கள் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியில் இருப்பதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சூத்திரம் இதுதான்: இரண்டு கலப்பையும் கூட்டுங்கள், அதிலிருந்து ச, த இரண்டின் சராசரியைக் கழியுங்கள். நம் புள்ளிக்கு 140-ம் 70-ம் 210, அதில் 130 போனால் 80.

செயல்படுத்த, கட்டளை எழுதி வீடியோவைத் திருத்தும் வேப்பர்சிந்த் மென்பொருள் போதும், பைத்தான் தெரிந்தவர்களுக்கு அது எளிது. அதே மாதிரியான ஏவிசிந்திலும் இதே வேலை நடக்கும். முதலில் வீடியோவை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், கழித்தலில் வரும் தோராயப் பிழை குறையும். 'செலக்ட்எவ்ரி' கட்டளைக்குச் சுற்று 5 என்று கொடுத்து, 0 முதல் 4 வரை ஐந்து தனிக் கிளிப்பாகப் பிரியுங்கள். கலப்பு இரண்டும் எந்த எண்ணில் விழுகின்றன என்பது உங்கள் தாளில் இருக்கிறது. 'எக்ஸ்பர்' கட்டளைக்கு இரண்டு கலப்பு, ச, த என நான்கு கிளிப்பையும் கொடுத்து மேலே சொன்ன சூத்திரத்தை எழுதினால் ட வரும். நிறத் தளங்களுக்கும் அதே சூத்திரம்தான், தனியாக எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம். கடைசியில் க, ச, புதிய ட, த நான்கையும் 'இன்டர்லீவ்' கட்டளையால் கோத்துவிடுங்கள். ஐந்துக்கு நான்கு ஃபிரேம் என்பதால் வேகம் தானாக 23.976 ஆகும். ஓடும் நேரம் மாறாது, ஒலியைத் தொடவே வேண்டாம்.

விடை எப்போதும் இவ்வளவு அழகாக வராது. கோப்பு ஏற்கெனவே அமுக்கப்பட்டிருக்கும். கலப்பு ஃபிரேமில் 3 அளவு பிழை இருந்தால் ஒரு பக்கக் கணக்கில் அது 6 ஆகும், ச-வின் பிழை அதற்கு மேல். அதனால் புதிய ட மட்டும் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரியும். அந்த ஒரு கிளிப்புக்கு மட்டும், கோப்பதற்கு முன், லேசாக டிநாய்ஸ் (பொரி நீக்கும் ஃபில்டர்) கொடுங்கள். எல்லா ஃபிரேமுக்கும் கொடுத்து நல்லதையும் மெழுகாக்க வேண்டாம். சில டிஸ்க்கில் உருவம் பிரிந்த பிறகும் சிவப்புப் புடவையின் ஓரத்தில் நிற நிழல் மட்டும் எஞ்சும். நிறத் தகவல் பாதி வரிகளுக்குத்தான் சேமிக்கப்படுகிறது என்பதால் வரும் வினை அது. நான் அதோடு சமாதானமாகிவிட்டேன்.

பெரிய ஆபத்து வேறு. ஐந்தின் சுற்று படம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டெலிசினி ஆன பிறகு யாராவது வீடியோவில் கத்தரி வைத்திருந்தால், அந்த வெட்டுக்கு அப்பால் சுற்று ஓரிரு ஃபிரேம் தள்ளிப்போகும். பாட்டுத் தொகுப்பு டிஸ்க்குகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தள்ளும். ஒரு முழுப் படத்தை இரவெல்லாம் ரெண்டருக்கு விட்டுவிட்டுக் காலையில் பார்த்தேன். இடைவேளை வரை பளிங்கு. இடைவேளை அட்டைக்குப் பிறகு சுத்தமான ஃபிரேமிலிருந்து சுத்தமான ஃபிரேமைக் கழித்து, ஆட்கள் எல்லாம் எக்ஸ்ரே மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும், ரீல் மாறும் இடம் என்று தோன்றுகிற ஒவ்வொன்றிலும் ஐந்து ஃபிரேம் எண்ணிப் பார்த்துவிட்டு, துண்டு துண்டாகவே செய்கிறேன்.

படி 5: சீப்பும் நிழலும் சேர்ந்தது

இங்கே கழித்தல் தேவையில்லை, பொறுக்கி எடுத்தால் போதும். 25 ஃபிரேம் பால் படத்தை 59.94 ஃபீல்டாக மாற்றும்போது ஒரு படத்துக்குச் சராசரியாக 2.4 ஃபீல்டு கிடைக்கிறது. அதில் சில இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்து கலந்துவிடும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபீல்டாவது முழுசாக உள்ளே விழும். அந்தச் சுத்தமான ஃபீல்டுகளை மட்டும் எடுத்தால் படம் திரும்ப வந்துவிடும்.

அதற்கு முதலில் ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக விரிக்க வேண்டும். பாப் என்பார்கள். அதைச் செய்யும் க்யூடிஜிஎம்சி என்ற டிஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட்டின் வேகமான ப்ரீசெட் (தயார் அமைப்பு) போதும். மெதுவான ப்ரீசெட்டுகள் முன்பின் ஃபிரேம்களைக் கொஞ்சம் தடவிச் சேர்ப்பதால் நிழல் சுத்தமானவற்றுக்கும் ஒட்டலாம். அடுத்த வரியில், சுத்தமான ஃபிரேம்களைப் பொறுக்கும் எஸ்ரெஸ்டோர் கட்டளை, அடைப்புக்குள் வேண்டிய வேகம். மூலம் பால் என்றால் 25, ஃபிலிம் வேகத்தில் இருந்தது என்றால் 23.976. வேகத்தைத் தப்பாகக் கொடுத்தால் நகர்வு விக்கி விக்கிப் போகும், பக்கவாட்டில் நகரும் காட்சியில் உடனே தெரியும்.

எஸ்ரெஸ்டோருக்கு ஒரு குணம் உண்டு. அது முந்தைய ஃபிரேம்களை ஞாபகம் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும். முன்னோட்டத்தில் இங்கும் அங்கும் குதித்தால் தப்பான ஃபிரேமைக் காட்டும், நீங்கள் பயந்துபோய் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு நிமிடத் துண்டை வெட்டி, தொடக்கத்திலிருந்து வரிசையாக ரெண்டர் செய்து, அந்தக் கோப்பைப் பாருங்கள்.

எதிர்த்திசையில், ஃபிலிம் டெலிசினியாகி என்டிஎஸ்சியாகி அப்புறம் பாலானது என்றால் கொஞ்சம் குறை இருக்கும். இரண்டு ஃபீல்டு மட்டும் கிடைத்த ஃபிலிம் ஃபிரேம்களில் சிலவற்றுக்குச் சுத்தமான ஃபீல்டே அமையாமல் போகும். அங்கங்கே ஒரு நிழல் ஃபிரேம் மிஞ்சும்.

படி 6: எடிட்டிங் மென்பொருள் கலந்தது

24-ஐ 30 ஆக்கும்போது 'ஃபிரேம் பிளெண்டிங்' தேர்வாகியிருந்தால், அடுத்தடுத்த ஃபிரேம்களைத் தூரத்துக்கேற்பக் கலக்கும். கணக்குப்படி முதலாவது சுத்தமான க. இரண்டாவதில் க 20 சதவீதம், ச 80. மூன்றாவதில் ச 40, ட 60. நான்காவதில் ட 60, த 40. ஐந்தாவதில் த 80, அடுத்த சுற்றின் க 20. இதையும் பிரிக்கலாம். இரண்டாவதிலிருந்து க-வின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 0.8-ஆல் வகுத்தால் ச. ஐந்தாவதிலிருந்து அதேபோல் த. கிடைத்த ச-வை வைத்து மூன்றாவதிலிருந்து ட. ஒன்றை வைத்து ஒன்றைப் பிரிப்பதால் பிழையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், ட-வில்தான் அதிகம் தெரியும். எல்லா மென்பொருளும் இதே விகிதத்தில் கலப்பதில்லை, காட்சி வெட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று அளந்துவிட்டு எண்களைப் போடுங்கள்.

ஒரு ஃபிரேம் மட்டும் அங்கங்கே கலந்திருக்கிறது, இரு பக்கமும் சுத்தம் என்றால், எம்விடூல்ஸ் அல்லது ரைஃப் மாதிரி நகர்வைக் கணித்து நடு ஃபிரேம் வரையும் கருவிகளைப் பயன்படுத்தலாம். சுழலும் பாவாடை, குறுக்கே போகும் விரல் என்றால் அவை சிக்கிக்கொள்ளும். கழிக்க வழி இருக்கும்போது நான் கழித்தல் பக்கம்தான். அதில் வருவது அந்த நொடியில் ஃபிலிமில் விழுந்த படம், கருவி வரைவதோ அதன் ஊகம்.

படி 7: சேமிப்பது

நிழலை எடுத்த பிறகுதான் ஓரம் வெட்டுவது, டிநாய்ஸ், அளவு மாற்றம் எல்லாம். வரிசை மாறினால் கணக்கு பொய்த்துவிடும். எக்ஸ்264 என்ற வீடியோ அமுக்கும் கருவியில், தர அளவான சிஆர்எஃப்பை 16 முதல் 18 வரை வைத்தால் பழைய டிவிடிப் படத்துக்குத் தாராளம். ஒலியை மறுபடி அமுக்காமல் அப்படியே நகலெடுங்கள்.

முடித்ததும் முதல் நிமிடத்தைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். நேராகக் கடைசிப் பாட்டுக்குப் போங்கள். உதட்டசைவு ஒலியோடு பொருந்துகிறதா, மொத்த நேரம் மூலக் கோப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு நொடி தள்ளியிருந்தால் எங்கோ ஒரு துண்டில் ஃபிரேம் விட்டுப்போயிருக்கிறது. துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டித் தேடுங்கள், பெரும்பாலும் துண்டின் கடைசிச் சுற்றில் ஐந்து ஃபிரேம் முழுசாக இல்லாத இடத்தில்தான் அது இருக்கும்.